பெயர் எழுதாத இலைகள்

பழவேற்காடு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் உளறிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் நடுவதற்கு அலையாத்தி மரக் கன்றுகளை இனம் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. வெண்கண்டல் இலையின் அடிப்புறம் வெளுத்து, மேலே உப்புப் பூத்திருக்கும். தில்லை இலை இருபுறமும் வழவழப்பு. கிள்ளினால் பால் வரும், அது கண்ணுக்கு ஆகாது. போன வாரம் ஒரு கிளையைப் பார்த்ததுமே தில்லை என்று தெரிந்தது. ஆனாலும் என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இடது கண்ணில்தான் புரை இருக்கிறதே, வலது கண்ணருகே பிடித்துக் கிள்ளிப் பார்த்தேன். பால் கண்ணிலேயே தெறித்துவிட்டது.

"கசக்காதீங்க சார்! தில்லைப் பாலு கண்ணுல படக்கூடாதுன்னு நேத்து எனக்கே கிளாஸ் எடுத்தீங்களே, இன்னா சார் இது!" என்று படகோட்டி தங்கவேல் கத்திக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பார்வை திரும்புவது சந்தேகம் என்கிறார் டாக்டர். நீ பதறாதே. பதிலைக் கொட்டை எழுத்தில் எழுது.

இன்னொன்று. நம் தோட்டத்து மரங்களில் ஒவ்வொன்றிலும் ஓர் இலை பறித்து உறையில் வைத்து அனுப்பு. பெயர் எழுதாதே. விரலால் தடவியே சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் வேலையில் நீடிப்பேன். முடியாவிட்டால் நீயே வந்து அழைத்துப் போ. தனியாக ரயில் ஏறப் பயமாக இருக்கிறது.

தபாலில் சேர்க்கத் தங்கவேல் காத்திருக்கிறார்.

உன்,
சிதம்பரநாதன்