பன்னிரண்டுக்குப் பதினைந்து

12-8-2025, செவ்வாய்

காலையில் சிதம்பரத்திலிருந்து மகன் பழனிவேல் போன் செய்தான். ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறான். ஹால் சுவரில் தச்சர் மரப்பலகை அடித்து, நடுவில் போட்டோவுக்கென்று ஒரு சட்டமும் பதித்துவிட்டுப் போய்விட்டாராம். பன்னிரண்டு அங்குல உயரம், பதினைந்து அங்குல நீளம். எந்தப் போட்டோ வைப்பது என்று யோசிக்காமலே அளவு கொடுத்திருக்கிறான். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிறான். பள்ளிக்கூடம் போகும்போதும் இப்படித்தான்.

இந்தக் கடலூர் வீட்டுக்கு நாங்கள் பால் காய்ச்சிய அன்று, தொண்ணூறாம் வருஷம், வாசலில் நின்று எடுத்த போட்டோதான் வேண்டுமாம். அதில் நாலு பேர். இந்த ஓரம் நான். என் பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பக்கம் என் மாமியார் விருத்தாம்பாள். அந்தக் கடைசி ஓரம் வீட்டுக்காரரின் தங்கை, சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த சௌந்தரம். பழனிவேல் அதில் இல்லை. காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தான்.

என் மகன் வீட்டு ஹாலில் சௌந்தரமா?

13-8-2025

பீரோவிலிருந்து போட்டோவை எடுத்தேன். போஸ்ட் கார்டு அளவுதான், ஆனால் மங்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, எல்லாரும் நல்லாத்தான் விழுந்திருக்கோம் என்றார். சித்திரையில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது.

16-8-2025, சனி

மருமகள் காயத்ரி நேற்று வந்து போட்டோவை வாங்கிப் போனாள். இன்று போன் செய்தாள். ஸ்டூடியோவில் சொல்கிறார்களாம் – போட்டோ நீளம், சட்டம் குட்டை. பன்னிரண்டு உயரத்துக்குப் பெரிசாக்கினால் நீளம் பதினெட்டு வந்து நிற்கும். மூன்று அங்குலம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

"எந்தப் பக்கம் வெட்டட்டும்னு கேக்குறாங்க அத்த."

"அந்த ஓரம்."

"சேத்தியாத்தோப்பு அம்மாவத் தூக்கிடச் சொல்றீங்களா?"

ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்ல என்ன இருக்கிறது, இருபத்தேழு வருஷமாக யோசித்ததுதானே.

அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார், "அமராவதி, அவளும் அன்னிக்கி வருவா. வந்து பாப்பா."

"பாக்கட்டும். நானும்தான் பாத்தேன்."

அவர் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

17-8-2025

எழுதி வைக்கிறேன். நான் ஒன்றும் காரணமில்லாமல் மனசில் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

தொண்ணூத்தெட்டில் சௌந்தரத்தின் மகள் ஸ்ரீமதி கல்யாணம், சிதம்பரத்தில். சமையல்கட்டில் மூன்று நாள் நின்றவள் நான். மணமேடையில் ஒரே ஒரு போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அரக்குச் சேலை கட்டி ஓரத்தில் நின்றேன். ரெண்டு மாசம் கழித்து ஆல்பம் வந்தது என்று சேத்தியாத்தோப்பு வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சௌந்தரம் காட்டினாள். அந்தப் போட்டோ ஒட்டிய பக்கம் வந்தது. அதில் நான் இல்லை. அரக்குச் சேலையில் ஒரு துண்டும் ஒரு முழங்கையும்தான் இருந்தது. "இது யாரு முழங்கை?" என்று சௌந்தரம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். என் மாமியாரும் சிரித்தாள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தவள்தான். அன்றிலிருந்து சேத்தியாத்தோப்பு வீட்டு வாசல்படி நான் மிதித்ததில்லை. அவர் மட்டும் போய் வருகிறார். கல்யாணம், சாவு என்று பொது இடத்தில் பார்த்தால் நல்லா இருக்கியா என்று கேட்பேன். அவ்வளவுதான்.

20-8-2025, புதன்

வெட்டும்போது நானே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சிதம்பரம் போனேன். பஸ்ஸில் பு.முட்லூர் வரைக்கும் நின்றுகொண்டே பயணம். ஸ்டூடியோ மேல வீதியில். செம்பியன் என்று ஒருத்தர், காயத்ரிக்குத் தெரிந்தவர். கம்ப்யூட்டரில் போட்டோவைப் பெரிசாகக் காட்டினார். மேலே ஒரு கட்டம். கட்டத்துக்குள் இருப்பதுதான் வருமாம், வெளியே இருப்பது போய்விடுமாம்.

கட்டத்தை என் பக்கமாக நகர்த்தினார். சௌந்தரம் போய்விட்டாள். ஒரு துண்டு சேலை மட்டும் மிச்சம், அதையும் அழிச்சிடலாம்மா என்றார்.

பார்த்தேன். நான், அவர், மாமியார். மூன்று பேர். நடுவில் அவர்.

அந்தப் போட்டோ எடுத்த அன்று முதலில் மூன்று பேராகத்தான் நின்றோம். மாமியார்தான், மூணு பேரா நிக்கக் கூடாது, நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆவாது என்று கத்தி, உள்ளே பால் ஆற்றிக்கொண்டிருந்த சௌந்தரத்தைக் கூப்பிட்டாள். சௌந்தரம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து ஓரத்தில் நின்றாள். அந்த ஈரம் கூட போட்டோவில் தெரிகிறது. மாமியார் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை. ஆனால் நாலு மாசம் முன்னால்தானே அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்?

"வேணாம்ப்பா, அந்தப் பக்கம் நவுத்து" என்றேன்.

நவுத்தினார். சௌந்தரம் முழுசாக வந்தாள். இந்த ஓரம் நான் போய்விட்டேன். அவர் பக்கத்தில் என் முழங்கை மட்டும் நின்றது.

காயத்ரி, என்னத்த மூஞ்சி இப்படிப் போவுது என்றாள். நான் செம்பியனைக் கேட்டேன் – தம்பி, கல்யாண ஆல்பத்துல ஓரத்துல நிக்கிறவங்க இப்படிப் போனா, அது யாராச்சும் வெட்டுறதா, தானா ஆவுறதா?

"தானா ஆவுறதுதாம்மா. பிலிம் நீட்டமா இருக்கும். அந்தக் காலத்து ஆல்பத்துக்குப் போடுற பேப்பர் கொஞ்சம் குட்ட. மிஷின்ல வுட்டா ஓரத்துல நிக்கிறவங்க போயிடுவாங்க. யாரும் வெட்டுன்னு சொல்ல மாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியது தெரியவில்லை.

21-8-2025

வெட்டு தானாக ஆகியிருக்கலாம். சிரிப்பு தானாக ஆகவில்லை.

23-8-2025, சனி

செம்பியனுக்கு நானே போன் செய்தேன். யாரையும் வெட்டாமல் அந்தச் சட்டத்துக்குள் வைக்க வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். போட்டோவை முழுசாகச் சின்னதாக்கி, நீளம் பதினைந்துக்குள் அடக்கினால் உயரம் பத்து வரும். மேலே ஒரு அங்குலம், கீழே ஒரு அங்குலம் வெள்ளையாக நிற்கும். ஆட்கள் கொஞ்சம் சின்னதாகத் தெரிவார்கள். அதைப் போடு என்றேன்.

சாயங்காலம் பழனிவேல் கூப்பிட்டான். வெள்ளையா இருந்தா நல்லா இருக்காதும்மா, இன்டீரியர் காரரும் வேணாங்கிறாரு என்றான்.

"போட்டோவ அளக்காம சட்டம் செஞ்சது நீ. அந்த வெள்ள உன்னுது. நீயே பாத்துக்கிட்டு இரு."

பக்கத்தில் அவர் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

இது சௌந்தரத்துக்காக இல்லை. அவர் நடுவில் நிற்கக் கூடாது, அதுக்காகத்தான்.

4-9-2025, வியாழன்

பால் பொங்கியது. நல்லபடியாக முடிந்தது. கூட்டம் ஜாஸ்தி.

சௌந்தரம், ஸ்ரீமதியோடு வந்தாள். இளைத்துப்போயிருக்கிறாள். வந்தவள் நேராகப் போட்டோ முன்னால் போய் நின்றாள். நான் வெற்றிலைத் தட்டோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது.

"அண்ணி, மேலயும் கீழயும் இன்னா இவ்ளோ வெள்ளையா வுட்டிருக்கு?"

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "வெட்டியிருந்தா ஓரத்துல நிக்கிறவங்க போயிடுவாங்களாம். முழங்கை மட்டும்தான் மிஞ்சுமாம். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஸ்ரீமதிக்குப் புரியவில்லை. சௌந்தரத்துக்குப் புரிந்தது. திரும்பிப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. நானும் நகர்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் இடம் பிடித்து நின்ற பிறகு போனேன். எப்போதும்போல ஓரம்தான் காலியாக இருந்தது. நின்றேன். நாலு பேரைத் தள்ளிக்கொண்டு சௌந்தரம் என்னிடம் வந்தாள்.

"ஓரத்துல நிக்காதீங்க அண்ணி. உள்ள போங்க."

என்னை அவர் பக்கத்தில் தள்ளிவிட்டு, நான் நின்ற இடத்தில் அவள் போய் நின்றாள். போட்டோக்காரர் இன்னும் நெருங்கி நில்லுங்க என்றார். நெருங்கவில்லை அவள். அப்படியே நின்றாள்.

9-9-2025, செவ்வாய்

அவர் நாளைக்குச் சேத்தியாத்தோப்பு போகிறாராம். வடலூர் வழி பஸ். ஜன்னலோரம் எனக்கு என்று சொல்லிவிட்டேன்.