மீனாக்காவின் அரைப்பேர்

பதுளை,
நள வருடம் ஐப்பசி மாதம் 22,
செவ்வாய்க்கிழமை இரவு.

என் பிரியமுள்ள மீனாக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். தோட்டத்து லயத்தில் கடிதம் வந்தால் எல்லாரும் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அப்படிச் செய்யாதே. நீ ஒண்டியிருக்கிற கருப்பம்மா சின்னம்மாவிடம்கூடக் காட்டாதே. நீ எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே பெரிய எழுத்தாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மர்ஸூக் நானா உங்கள் லயத்துக்குத் துணி விற்க வந்தபோது கண்டதை நம் அடுத்த வீட்டு ஹம்ஸியாவின் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஹம்ஸியா என்னிடம் சொன்னாள். நீ ராத்திரிக்கு மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்கிறாயாம். உன் தோட்டை அவரிடமே விற்றாயாம். “டவுனில் யாருக்கும் சொல்லாதீங்க நானா” என்றாயாம். காதில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தது என்று சொல்லும்போது அவர் கண் கலங்கினாராம்.

அக்கா, எல்லாம் என்னால் வந்தது. பெரியப்பா பேசி வைத்த தங்கராஜா பிள்ளையைக் கட்ட மாட்டேன் என்று நீ சொன்ன அன்று ராத்திரி என் சிலேட்டை எடுத்து வரச் சொன்னாய். தோட்டத்தில் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு இருபத்தைந்து சதம். அதில் ஒருத்தி தனியாக, மானமாக இருக்க முடியுமா என்று கணக்குப் போடச் சொன்னாய். நான் போட்டேன். மாதம் ஏழரை ரூபாய். அரிசிக்கு மூன்றே முக்கால், மிளகாய் உப்பு கருவாடு தேங்காய்க்கு ஒன்று அறுபது, விளக்கெண்ணெய்க்கு இருபத்திரண்டு சதம், சேலைக்கென்று மாதம் அறுபது சதம். சவுக்காரம் இல்லாமல் இருக்க மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய், அதற்கு எட்டு சதம். ஒன்றே கால் ரூபாய் மிச்சம் வந்தது. நாம் இருவரும் எப்படிச் சிரித்தோம். மிச்சத்தில் எனக்கு ரிப்பன் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். மறுநாள் விடியுமுன் நீ தோட்டத்துக்குப் போய்விட்டாய்.

நான் முப்பது நாளால் பெருக்கினேன், அக்கா. கடைத் தெருவில் வளர்ந்தவளுக்கு அதுதான் தெரியும். நம் கடை முப்பது நாளும் திறந்திருக்கிறது. தோட்டத்தில் பேர் எழுதாத நாளுக்குக் கூலி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பேர் இல்லை, அடை மழையில் பேர் இல்லை, காய்ச்சலில் கிடந்தால் பேர் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கொழுந்து குறைந்தால் நாள் முழுக்க நின்றவளுக்கும் அரைநாள் கூலிதான், அதற்கு அரைப்பேர் என்று பெயர் என்று நான் கேட்டதே இல்லை. கூலியில் கம்பளிக்குப் பிடிப்பார்கள், வண்ணானுக்குப் பிடிப்பார்கள், தலைமுடி வெட்டிக்கொள்ளாத உன்னிடம் நாவிதனுக்கும் பிடிப்பார்கள் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது? போன மாதம் உனக்கு எட்டு முழுப்பேர், பதினாலு அரைப்பேர் என்று நானா சொன்னார். கூட்டிப் பார்த்தேன். மூன்றே முக்கால். அரிசிக்கே சரியாகப் போயிற்று. மற்ற எல்லாவற்றுக்கும் உன் தோடு போயிற்று.

டீச்சரம்மா என் கணக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடுவார்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. இதற்காகத்தான் எழுதுகிறேன்.

“என் கை இன்னும் பழகவில்லை, அதனால்தான் அரைப்பேர் விழுகிறது” என்று நீ எழுதியிருந்தாய். உன் கைக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் முத்தையா கங்காணி நம் கடைக்குச் சாமான் எடுக்க வந்தார். பெரியப்பா அவரைப் பின்கட்டுக்குக் கூட்டி வந்து காப்பி கொடுத்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

நீ எப்படி வேலை செய்கிறாய் என்று பெரியப்பா கேட்டார். கங்காணி சிரித்தார். “பொண்ணு கெட்டிக்காரிதாங்க, முதலாளி. ரெண்டு மாசத்துல கூடை நெறைய எடுக்குது. என்ன செய்ய? ஈரம்னு அஞ்சு றாத்தல், கூடைன்னு ரெண்டு றாத்தல், முத்தல் எலைன்னு மூணு றாத்தல் கழிச்சா மிச்சத்துக்கு அரைப்பேருதான் விழும். தராசு நம்ம கையில இருக்குங்களே” என்றார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படி என்று கேட்டார். வயிறு எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் என்றார் கங்காணி. அப்புறம் அவர் சொன்னதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாதக் கணக்கு எழுதப் போகிறார்கள். இந்த மாதம் உன் பேரில் கடன் நிற்கும். கடன் நின்றால், கடன் தீர்ந்தது என்று கங்காணி எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் நீ வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது. போனால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அதே வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் இருக்கிற காம்பிராவை, கருப்பம்மா சின்னம்மாவின் அந்த அறையை, இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். சின்னம்மாவை மகன் வீட்டுக்கு அனுப்புவார்கள். உனக்கு இடம் இல்லை என்பார்கள். ஆம்பிளை பேர் இல்லாமல் தனிப் பொம்பிளைக்குக் காம்பிரா கொடுக்கிற வழக்கம் இல்லை என்று கங்காணி சொன்னார். அப்போது பெரியப்பாவின் மாட்டு வண்டி அங்கே நிற்கும். பெரியப்பா கடனைக் கட்டித் துண்டை வாங்கிக்கொள்வார். “அதுவா வந்து ஏறிக்கிரும் முதலாளி, நீங்க கூப்பிடக்கூட வேணாம்” என்றார்.

இதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே நீ உன் விரலைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வந்து, என்னடி மூஞ்சி, நீயும் கூடை தூக்கப் போகிறாயா, லயத்து அம்மாவுக்குப் பிறந்தது ரெண்டும் லயத்துக்குத்தான் ஓடும் என்றாள்.

இன்று வரைக்கும் உன் பேரில் கடன் இல்லை. தோட்டை விற்றுப் போன மாதக் குறையைத் தீர்த்துவிட்டாய். அதனால் வெள்ளிக்கிழமைக்கு முன் நீ புறப்பட வேண்டும். மர்ஸூக் நானா நாளை விடியக் காலை வண்டி கட்டுகிறார். அதற்கு முன் கிணற்றடியில் ஹம்ஸியாவிடம் இதைக் கொடுப்பேன். வியாழக்கிழமை காலையில் மடுல்சீமைக்கு, உன் தோட்டத்துக்கு, வந்துவிடுவார். அன்று மாலையே லுணுகலைக்குத் திரும்புவார். நீ அவரோடு போய்விடு. அவருடைய தங்கை ஸுபைரா லுணுகலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். மாவு இடிக்க ஆள் இல்லாமல் இருக்கிறார். மாதம் மூன்று ரூபாய், தங்குவதற்குப் பின்னறை. உனக்கென்று தனி அடுப்பும் சட்டியும் தருவார்கள், நீ உன் கையால் பொங்கிச் சாப்பிடலாம், அரிசி அவர்களுடையது என்று ஹம்ஸியாவின் உம்மா சொன்னார். அவர்களைப் பார்த்து வெட்கப்படாதே. எந்த மாதத்திலும் மாவுக்கு ஈரம் என்று கழிக்க மாட்டார்களாம். இதையும் நான் கேட்டு வைத்தேன்.

மூன்று ரூபாயில் மானமாக இருக்கலாமா என்று என்னைக் கேட்காதே. நான் சிலேட்டைத் தொடவில்லை.

கருப்பம்மா சின்னம்மாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல். கம்பளியை மறக்காமல் எடுத்துக்கொள், அதற்குத்தான் உன்னிடம் பிடித்துவிட்டார்களே. லுணுகலையில் குளிர் குறைவாம். ஆனாலும் மழைக்காலம்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கார்த்திகையோடு பள்ளிக்கூடம் போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். டீச்சரம்மா வீட்டுக்கு வந்து பேசினார்கள், பெரியப்பா கடையை விட்டு எழுந்து வரவில்லை. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ரவிக்கைக்கு அளவு எடுத்தாள். சிவப்புத் துணி. எதற்கென்று கேட்டேன், பண்டிகைக்கு என்றாள். தீபாவளிதான் முடிந்துவிட்டதே. நேற்று ஹாலிஎலவிலிருந்து தங்கராஜா பிள்ளை வந்திருந்தார். எனக்குத்தான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். எத்தனை வயசு என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். தை வந்தால் பதினாலு என்று பெரியம்மா சொன்னாள். மூத்தவள் வந்துவிட்டால் நல்லது, வராவிட்டாலும் நாள் தள்ள முடியாது என்று அவர் பெரியப்பாவிடம் சொன்னார். அவர் குடித்த செம்பை நான்தான் கழுவினேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் வேறு தாள் இல்லை. நீ இதை நினைக்காதே. நான் இன்னும் சின்னப் பெண்தானே, டீச்சரம்மா இருக்கிறார்கள், கார்த்திகை முடிய நாள் கிடக்கிறது. நான் ஏதாவது செய்வேன். எனக்கு ஒன்றும் ஆகாது.

அக்கா, வெள்ளிக்கிழமை அந்த வண்டியில் நீ ஏறக் கூடாது. வண்டிக்காரர் இராசையா அண்ணன் நல்லவர், ஆனாலும் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வார். விசாலாட்சிக்குக் காய்ச்சல், உன்னையே கேட்டு அழுகிறாள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான் அழவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. செத்துப்போனாள் என்று சொன்னாலும் நம்பாதே, வராதே. நீ வந்தால் தங்கராஜா பிள்ளைக்கு நீ. நீ வராவிட்டால் என்ன என்று நீ யோசிக்கவே வேண்டாம், அது எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்வேன். நம் இருவரில் ஒருத்தியாவது தன் சோற்றைத் தானே பொங்கித் தின்னட்டும். மாரியம்மன் உன் கூடவே வருவாள். வியாழக்கிழமை நானா வந்ததும் ஒரு நிமிஷமும் நிற்காமல்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா குரல். அக்கா நீ வரா