விக்கியைவிட வேகமான நெட் வேண்டும்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். அணைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளை. கோவை ஹாஸ்டலில் இருந்து மலைமேல் எங்கள் ஊர் எமரால்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு துணிகூடக் காயவில்லை. சாக்ஸ் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.

மனசு முழுக்க விக்கி. மேட்டுப்பாளையத்துக்காரன். எங்கள் நடிகர் நந்தீசன் ரசிகர் குரூப்பில் எனக்கு அப்புறம் சேர்ந்தவன். போன ஞாயிறு நான் லைவ் போட்டபோது நடுவில் நெட் நின்றுவிட்டது. வாய் பிளந்து, ஒரு கண் மட்டும் மூடி, அப்படியே சிலை. அவன் அதை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். கீழே 'மலைமேல நெட்டு' என்று எழுத்து வேறு. இப்போது குரூப்பில் குட் மார்னிங்கே அந்த ஸ்டிக்கரில்தான். நந்தீசன் பிறந்தநாள் வீடியோவை எடிட் செய்தது நான். யூடியூப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு, ராத்திரி பகலாக. அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. வாய் மட்டும் ஞாபகம்.

மதியம் பானுக்காவின் வாய்ஸ் நோட். குரூப்பை ஆரம்பித்தவர், திருப்பூர். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ட்ரெய்லர் வருது. நம்ம பேஜ்ல கொண்டாட்டம். மொதப் பாதி விக்கி லைவ் போடு, அடுத்த பாதி சந்தியா நீ போடு. ஆரோடது நிக்காம ஓடுதோ அவிங்கதான் இனி பேஜ் அட்மின். அப்பறம் வந்து அழுகக் கூடாது, இப்பவே சொல்லிப்போட்டேன்."

விக்கி உடனே: "நான் முந்நூறு எம்பிக்கு மாத்திட்டேன்க்கா. சந்தியாக்கா, உங்க ஊர்ல இன்னும் புறாதானே?"

சிரிப்பு பொம்மைகள், வரிசையாக. எண்ணவில்லை. பெயர்களை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

காற்று. கரண்ட் போய்ப் போய் வந்தது. நெட் கொடுக்கும் முருகேசண்ணனுக்குப் போன்.

"ஏனுங்கண்ணா, நாப்பதுக்குத்தானே போட்டிருக்கறோம்? என்ற ரூம்ல மூணுதான் வருது."

"அம்மிணி, நாப்பதெல்லாம் இப்ப ஆருங்க வெக்கறாங்க? முந்நூறு போட்டுக்குங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே மாத்தியுடறேன்."

அப்பா கேரட் லோடு ஏற்றிவிட்டு நனைந்த ஜெர்கினோடு வந்தார். கேட்டேன்.

"முந்நூறு எதுக்கு கண்ணு? ஊட்டுல இருக்கறது மூணு பேரு."

"வேகம் வேணும்ப்பா!"

"எவ்வளவு வேணும்? மூட்டை எத்தனைன்னு தெரியாம நான் லாரியக் கூப்பிடுவனா?"

கோபம் வந்தது. ஆனால் கேள்வி சரிதான். கம்பளிக்குள் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

அப்பாவின் மண்டி விலை வீடியோ: 5 போதும்.
அம்மாவின் சீரியல், பெரிய டிவி: 8 வைத்துக்கொள்ளலாம்.
என் போன், சும்மா ஓடுவது: 3.
லைவ்: 6 இருந்தால் தாராளம். ஆனால் அது மேலே ஏற்றும் வேகம். நான் இத்தனை நாளும் கீழே இறங்கும் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 25-ஐத் தொடவில்லை. நாங்கள் வாங்குவது 40. அப்படியானால் மீதியை எவன் தின்கிறான்?

முருகேசண்ணன். வேறு யார்.

ஜூலை 11, வெள்ளி

பனிமூட்டம். மு. அண்ணனைக் கிழிக்கும் வீடியோ ரெடி. சிவப்பு அம்பு, பெரிய கேள்விக்குறி, தலைப்பு: 'எமரால்டு மக்களே, உங்க நெட்டைத் திருடுவது யார்?' ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஆள் காலி. முதலில் அவர், அப்புறம் விக்கி.

ஆதாரம் மட்டும் பாக்கி. போனோடு வீடு முழுக்க ஸ்பீடு டெஸ்ட். என் ரூம் 3. சமையல் ரூம் 4. ஹால் 6. அம்மா ரூம் வாசலில் 11. உள்ளே பீரோ பக்கம் போனால் 19.

பீரோவா?

கதவு இடுக்கில் வெள்ளை ஒயர். திறந்தேன். பூசணம் பிடிக்காமல் இருக்க பல்பு எரிகிறது. மழைக்காலத்தில் இங்கே எல்லோர் வீட்டு பீரோவிலும் எரிவதுதான். பல்புக்குப் பக்கத்தில், பட்டுச்சேலைகளுக்கு நடுவில், நான் ஒன்றாம் வகுப்பில் போட்ட மங்கி குல்லாவுக்குள் வைஃபை பாக்ஸ். இரண்டு கொம்பு மட்டும் வெளியே. கதவு திறந்ததும் போனில் 39. மேலே ஏற்றுவதும் அதே அளவு.

முன்பு அது ஹால் மேஜையில் இருந்தது. வந்ததிலிருந்து காணோம். கம்பெனிக்காரர்கள் எங்கோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"அம்மா! இதென்னம்மா?"

"எதென்ன? போன மழைக்கு ஈரம் ஏறி ஒண்ணு செத்துப்போச்சல்ல. அதான் நீ காலேஜுக்குப் போனதும் இத உள்ள வெச்சுப்போட்டேன். கதகதன்னு கெடக்குது பாரு."

"இரும்பு பீரோம்மா! சிக்னல் எப்படி வெளிய வரும்?"

"உன்ற சிக்னலுக்காக என்ற பட்டுச்சேல பூசணம் புடிக்கோணுமா?"

வாய் பிளந்துதான் நின்றேன், நல்லவேளை கேமரா இல்லை.

ஆக, மு. அண்ணன் திருடவில்லை. ஆனாலும் வீடியோவை அழிக்கமாட்டேன். வந்து பார்க்காமல், பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், முந்நூறை விற்கப் பார்த்தாரே. தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

ஜூலை 12, சனி

நாள் முழுக்க அம்மாவோடு பேச்சுவார்த்தை. பாக்ஸ் வெளியே வராது, முடியவே முடியாது. குல்லாவைக் கழற்றுவதற்கே இரண்டு தடவை பாத்திரம் கழுவினேன். கடைசியில் முடிவானது: நாளைக்கு லைவ் முடியும்வரை பீரோ கதவு திறந்திருக்கலாம், நான் பீரோவுக்கு எதிரிலேயே உட்கார வேண்டும், முடிந்த உடனே சாத்த வேண்டும்.

நந்தீசன் போஸ்டரைப் பின்னால் ஒட்டப் பார்த்தேன். ஈரத்தில் செல்லோடேப் நிற்கவில்லை. போகட்டும், பின்னால் சேலைகளே இருக்கட்டும்.

முந்நூறு வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஏன் கண்ணு, மூட்டை கொறஞ்சு போச்சா?"

"இருக்கற லாரியே பாதி காலிப்பா."

யாருக்கும் தெரியாமல் ஒரு லைவ் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடுகிறது. விக்கி, வா.

ஜூலை 13, ஞாயிறு

மழை கொட்டியது.

முதல் பாதி வி. புதுச் சட்டை, பின்னால் கலர் லைட். "மக்களே, மாஸ்" என்று ஆரம்பித்து "மா"விலேயே நின்றான். திரும்ப வந்தான். திரும்ப நின்றான். நான் கட்டிலில் குதித்தேன். குதித்தேன் என்று எழுத வெட்கமே இல்லை.

அடுத்தது நான். ட்ரெய்லர்! மழைச் சண்டை! நந்தீசன் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு ஷாட்! கத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே வந்தாள்.

"இந்தக் குளிருல எந்நேரம் தொறந்தே போட்டிருப்ப?" கை பீரோ கதவில்.

பேச்சை நிறுத்தினால் தோற்றேன். கதவு சாத்தினாலும் தோற்றேன். காலைத் தூக்கி இடுக்கில் விட்டேன். அம்மா பார்க்கவில்லை, தள்ளினாள்.

"மக்களே அந்த பிஜிஎம்... அம்மா காலு, காலு, காலு!"

கமெண்ட் பறந்தது. 'அக்கா யாரு அந்த வில்லி?' 'படத்த விட இது மாஸ்.' அம்மா போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஆருங்க இத்தன பேரும்? ஊடு கெடக்கற கோலத்துல காட்டறாளே," என்று சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் காலை எடுக்கவில்லை. கடைசிவரை எடுக்கவில்லை.

நிற்கவில்லை. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

பானுக்கா: "சந்தியா, இனி நீதான் அட்மின் சாமி."

ஜூலை 14, திங்கள்

வெயில். நம்பவே முடியவில்லை. அம்மா எல்லாத் துணியையும் வெளியே போட்டுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே நீலமாக வீங்கியிருக்கிறது. அட்மின் ஆகிவிட்டேன். விக்கியைக் குரூப்பிலிருந்து தூக்கலாமா என்று கேட்டதற்கு, "சின்னப் பையன், உட்டுரு" என்றார் பானுக்கா. சரி என்றேன். வாயால்.

சாப்பிடும்போது அவனே தனியாக மெசேஜ். "அக்கா, சத்தியமா கேக்கறேன். உங்களுக்கு எவ்வளவு ஸ்பீடு? முந்நூறு போட்டும் எனக்கு ஏன்க்கா நிக்குது?"

பாக்ஸ் இருக்கிற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அவர்கள் வீட்டுக் கீழ்த்தளச் சமையலறை, கடைசி அலமாரி, எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால். அவன் ரூம் மாடியில்.

'அத எடுத்து மாடில வை' என்று டைப் செய்தேன். அவ்வளவுதான் விஷயம். இடம் மாற்றினால் எங்களை மாதிரி நாற்பதே அவனுக்குத் தாராளம்.

அழித்தேன். 'முந்நூறு பத்தாது தம்பி. ஆயிரம் போடு.' அனுப்பினேன்.

நீல டிக். ஒரு கும்பிடு. "தேங்க்ஸ்க்கா! இப்பவே அப்பாகிட்ட கேக்கறேன்."

கேளு.