கதவு நிலையில் அம்மாவின் கோடு

கோபக்காரிக்கு,

தையல் கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டும், கிளம்புகிறேன். பாலைக் காய்ச்சி, இரண்டு முட்டை அவித்து மூடிவைத்திருக்கிறேன்.

"இனி வளரவே மாட்டேன்னு ஆச்சு, எதுக்குப்பா பாலு?" என்று நேற்று கேட்டாய். டாக்டரம்மா பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோனால் இப்படித்தான். சினைப்பையில் சுரக்கிற ஹார்மோன்தான் போன வருடம் உன் எலும்பைக் கிடுகிடுவென நீளவைத்ததாம். அதுவேதான் இப்போது எலும்பு முனைகளில் வளர்ச்சியை நிறுத்துகிறதாம். ஆனால் எலும்பு உள்ளே கெட்டிப்படுவது இன்னும் பல வருடம் நடக்கும். அதற்குத்தான் பால். பூனைக்கு ஊற்றாதே, அது போதுமான அளவு கெட்டிப்பட்டுவிட்டது.

"அம்மா கோட்டுக்கு இன்னும் ஒன்றரை இஞ்ச் இருக்கே" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதைப் பார்த்த பிறகும் மறைக்க மனம் வரவில்லை. தன் உயரத்தைக் குறிக்க அந்தக் கோடு போட்ட அன்று உன் அம்மா குதிகால் உயர்ந்த செருப்போடு நின்றாள். "வெளிய சொன்னீங்க, தொலைஞ்சீங்க" என்று சத்தியமும் வாங்கினாள். அவள் கண்ணை மூடி மூன்று வருடமாகியும் நான் வாயைத் திறக்கவில்லை.

செருப்பு பரண் பெட்டியில் இருக்கிறது. என் டேப் மேசைமேல். குதிகாலை நீயே அளந்து பார்: இரண்டு இஞ்ச். நீ அவளை எப்போதோ தாண்டிவிட்டாய்.

அப்பா

பத்து மணிக்கு பெயிண்டர் வருவார். அந்த நிலையை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிடு. நீயும் அம்மா கோட்டை அழிக்காதே. நான் உளறிவிட்டது அவளுக்குத் தெரியவேண்டாம்.