நிலாக் கல்லும் ஒரு தகர பேட்ஜும்

நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். உடுத்திப் போகும் புடவைக்கு ஊக்கு வேண்டுமே என்று பொத்தான் டப்பாவைக் கிளறினேன். சுருக்கென்று குத்தியது உன் பேட்ஜ். ராக்கெட் படம் போட்ட தகர பேட்ஜ்; பாதி ராக்கெட்டைத் துரு தின்றுவிட்டது. முகர்ந்து பார்த்தேன். அந்த இரும்பு வாசனையோடு பழைய பயமும் அப்படியே வந்துவிட்டது.

மனிதன் நிலாவில் இறங்கியதைக் கொண்டாட, அங்கிருந்து எடுத்து வந்த கல்லை நாடு நாடாகக் காட்டிக்கொண்டிருந்த காலம். அடையாறுக்கு அது வந்தபோது, போயே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரண்டு முறை கலைந்து, மூன்றாவது உனக்கு ஐந்து மாதம் தங்கியிருந்தது. அது தெரிந்தும், "அலுங்காம ரிக்‌ஷாவுல போயிடலாம், வாடி" என்று மந்தைவெளியிலிருந்து உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

பாலம் ஏறும்போது ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளினார். உன் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ளத்தாச்சிய இட்டுக்கினு அந்தக் கல்லையா பாக்கப் போறே?"

"ஏன், பாத்தா என்னவாம்?"

"கிரகணத்துல அண்ணாந்து பாத்தாலே கொயந்திக்கு ஒதடு பொளந்துக்கும். இப்ப நெலாவே கீழ எறங்கி வந்துகீது. பாத்துக்கோ."

"கல்லுக்கு ஏதுங்க கிரகணம்?" என்று சிரித்தேன். நீ ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

வரிசை வளைந்து வளைந்து போயிற்று. கண்ணாடிப் பெட்டியை நெருங்க நெருங்க என் வீராப்பெல்லாம் கழன்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை வாய் பேசியவள் எந்த முகத்தோடு சொல்வது? "நகருங்க, நகருங்க" என்று விரட்டினார்கள். வெளியே வந்தால் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள்.

அப்புறம் நான்கு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ நாற்காலியில் சற்றுச் சாய்ந்தால் பயம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால், போயிற்று, என்னால்தான் போயிற்று என்று உன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மதுரைக்குக் கேட்டவரைக் கோயம்புத்தூருக்கு இணைத்துத் திட்டு வாங்கினேன். நீயோ தினமும் அந்தப் பேட்ஜைத் தலைப்பில் குத்திக்கொண்டு வந்தாய். பெருமையைப் பார் என்று உள்ளுக்குள் புழுங்கினேன்.

குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஓடிவந்தேன். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. துணியை விலக்கி உதட்டைத்தான் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கொட்டாவி விட்டாள் உன் மகள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் நீ சிரித்தாய். "அடிப் பாவி, நான் கல்லைப் பாக்கவே இல்லையே. கிட்டப் போனதும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்."

"அப்ப பேட்ஜு?"

"ஊக்கு இரும்புடி. இரும்பு உடம்புல இருந்தா எதுவும் அண்டாது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அவ்ளோ ஆசையா கூட்டிட்டுப் போனியே, எப்படிச் சொல்றது?"

போன மார்கழியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பேட்ஜை என் கையில் வைத்தாய். "எப்படித்தாண்டி இருந்துச்சு அந்தக் கல்லு?" என்று கேட்டாய்.

"கருப்பா, அடுப்புக்கரி மாதிரி" என்றேன்.

"அவ்ளோதானா?" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது.

நான் சொன்னது பொய். நானும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் உன் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தால் உன் மூடிய கண்களையாவது பார்த்திருப்பேன். நான்கு மாதப் பயம் மிச்சமாகியிருக்கும்.

நாளைக்குப் பயமாக இருக்கிறது. உன் பேட்ஜைத் தலைப்பில் உள்பக்கமாகக் குத்திக்கொண்டு போகிறேன். நர்ஸ் கழற்றச் சொன்னால், கைக்குள் மூடி வைத்துக்கொள்வேன்.