கையை எடுக்கச் சொன்ன படங்கள்

இன்று உன் பெட்டியைத் திறந்தேன். ஈயம் உருக்கும் வாசம் குப்பென்று வந்தது. நீ போய் ஏழு மாதமாகிறது, வாசம் மட்டும் போகவில்லை. நம் ஹட்டன் கடையில் முன்பாதி என் ஸ்டூடியோ, பின்பாதி நீ போன் திருத்திய மேசை. நடுவில் இருக்கும் பலகைத் தட்டியை நான் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ள அது தேவைப்படுகிறது.

இப்படியொரு மழைநாளில்தான் அந்த விளையாட்டு தொடங்கியது. திருத்த முடியாத போன் ஒன்றைப் பிரித்துப் போட்டு, "உள்ளுக்குள்ள எம்புட்டு அழகா இருக்கு பாரு" என்றாய். ஒவ்வொரு துண்டையும் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நைலான் நூலில் கட்டிக் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டாய். வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டுக்கு ஒட்டும் சிவப்பு, நீலத் தாளை நான் விளக்குகளில் சுற்றினேன். கறுப்புத் துணிக்கு முன்னால் அந்தப் போன் துண்டு துண்டாக அந்தரத்தில் நின்றது.

கடைசித் துண்டுதான் தகராறு. போனுக்குள் இருந்த பட்டாணி அளவு கேமரா. கூரை இடுக்கில் வரும் காற்றுக்கே சுழலும். நீ இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாய்.

"கைய எடுடா."

"எடுத்தா ஆடுமேடா."

"சரி, புடி. பொறகு நான் அழிச்சிக்கிறேன்."

உன் விரல்களைக் கம்ப்யூட்டரில் அழித்தேன். எத்தனையோ படங்களில், ஒன்று விடாமல். படங்களைப் பார்த்தவர்கள் என்னைத்தான் பாராட்டினார்கள். "எனக்கு எதுக்குடா பேரு, நானா படம் புடிச்சேன்?" என்று நீ சிரித்தாய். அதை வசதியாக நம்பிக்கொண்டேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ, மூன்றாம் நாள் பூண்டுலோயா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பிணமாக வந்தாய். "அண்ணே, அவரு போட்டோ ஒன்னு குடுங்க. அடையாள அட்டையில உள்ளதுதான் இருக்கு" என்றாள் உன் மனைவி. ஊர்க் கல்யாணமெல்லாம் படம் பிடித்த என்னிடம் உன் முகம் ஒன்றுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. கருமாதிக்கு அந்த அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டோம். பெரிதாக்கியதில் உன் கண் கலங்கிப்போயிருந்தது.

பிறகு பழைய மெமரி கார்டுகளையெல்லாம் தேடினேன். அழிக்காத படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. சிவப்பு வெளிச்சத்தில் உன் இரண்டு விரல்கள், நடுவில் அந்தக் குட்டிக் கேமரா. பிரிண்ட் போட்டு உன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஈயம் சுட்ட தழும்பு... இது அவரு கைதானே, அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

இன்று உன் பெட்டியில் கிடந்த போன் ஒன்றை நானே பிரித்தேன். இரண்டு திருகாணியைத் தொலைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய். எல்லாவற்றையும் தொங்கவிட்டு, அதே தாளைச் சுற்றி விளக்கைப் போட்டேன். கடைசித் துண்டு சுழன்றுகொண்டே இருந்தது. என் கேமராவை டைமரில் வைத்துவிட்டு ஓடிப்போய் அந்தத் துண்டை நானே பிடித்தேன்.

படத்தில் என் கை தெரிகிறது. அழிக்கப் போவதில்லை. கேமரா படம் எடுத்த பிறகும் துண்டைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றேன். கையை எடு என்று சொல்ல யாரும் இல்லை.