எல்ஸி அக்கா கேட்ட ஒரு நாள்

புந்தோங், ஈப்போ
22 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய திருமதி எல்ஸி அலெக்சாண்டர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆயர் தாவார் பசாரில் எங்கள் ஆரோக்கியப் பொருள் மேசைக்கு வந்து படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள். ஊதாச் சட்டையில் நின்றது நான்தான். வீட்டிலிருந்தே இந்த வியாபாரத்தைச் செய்கிறேன்.

போன் எண்ணுக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். ‘உங்கள் பிரச்சினை’ என்ற இடத்தில் ‘தூக்கம்’ என்று ஒரே ஒரு சொல். கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. சரி, கடிதமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எதையும் விற்பதற்கு முன் உங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. மூன்று கேள்விகள். எவ்வளவு நாளாகத் தூக்கம் இல்லை? உங்களை எழுப்புவது எது? தூக்கம் சரியாகிவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தினேஸ்வரி தர்மேந்திரன்


ஆயர் தாவார்
1 மார்ச் 2024

அன்புள்ள தினேஸ்வரிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. கையால் எழுதிய கடிதம் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடமாவது இருக்கும். இரண்டு முறை படித்தேன்.

என் கணவர் அலெக்சாண்டர் செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவருடம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சிலும் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: ‘எங்க?’ நான் சமையலறைக்குப் போனால் ‘எங்க?’ குளிக்கப் போனால் ‘எங்க?’ போனில் பேசினால் இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே ‘எங்க? எங்க?’ என்பார். அதனால்தான் எண்ணை எழுதவில்லை. கடிதம் எழுதுவது அவருக்குத் தொந்தரவில்லை. பக்கத்திலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மூன்று வருடமாகத் தூக்கம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; அதுதான் எழுப்புகிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பசாருக்குப் போகும் அரை மணி நேரம் மட்டும் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வந்து உட்காருவார். அதற்குமேல் அவருக்கும் முடியாது. அரை மணியில் முடிகிற காரியமாக ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் மேசையில் பார்த்த தூக்கத்துக்கான பானத்தில் ஒரு டின் அனுப்புங்கள். கடிதத்தையும் அதற்குள்ளேயே வையுங்கள்.

அன்புடன்,
எல்ஸி

பி.கு: இருபத்தாறு வருடம் பாலர்பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய கை இது. வயது ஐம்பத்தொன்பது. உங்களை ‘நீ’ என்று எழுதலாமா?


புந்தோங், ஈப்போ
8 மார்ச் 2024

அன்புள்ள எல்ஸி அக்காவுக்கு,

தாராளமாக ‘நீ’ என்றே எழுதுங்கள். இந்த வீட்டில் என்னை ‘தினேஸ்’ என்று கூப்பிட்டால் அடுத்த சொல் ‘இந்த மாசம் எத்தனை பேரு?’ என்பதுதான்.

என் வீட்டுக்காரருடைய அக்கா ஷாமினி அண்ணிதான் என்னை இதில் சேர்த்தார். இருப்பதும் அவர் வீட்டில்தான். ஹாலில் பெட்டிகள் கூரை வரை நிற்கின்றன. நாற்காலி போட இடமில்லை. எத்தனை பேரைச் சேர்த்தோம், எவ்வளவு விற்றோம் என்று பார்த்துக் கம்பெனி தரம் போடும்; என்னுடைய தரம் இறங்கினால் அவருடைய தரமும் இறங்குமாம். நான் விலக முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை வாயைத் திறந்தேன். அண்ணி அழுதார், என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. அதோடு விட்டுவிட்டேன். யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொல்ல எனக்கு வராது அக்கா.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்க வேண்டியவள் நான். டின்னை அனுப்பியிருக்கிறேன். இளஞ்சூட்டு நீரில் இரண்டு கரண்டி.

அன்புடன்,
தினேஸ்வரி


ஆயர் தாவார்
19 மார்ச் 2024

அன்பான தினேஸ்வரிக்கு,

டின் வந்தது. திறக்கவில்லை. நான் அசந்து தூங்கிவிட்டால் அவரை யார் திருப்புவது? வாங்கும்போது அந்த யோசனையே வரவில்லை பார்.

இப்போது புதிதாக ஒரு கவலை. அவர் இடுப்பில் தோல் சிவந்து கிடந்தது. நேற்று பார்த்தால் ஐம்பது காசு அளவுக்குப் புண். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஜோவானிடம் சொன்னேன். “அப்பாவை முதியோர் ஹோமில சேர்த்துடலாம் மா” என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். சேர்க்கலாம் என்று எனக்கும் பல நாள் தோன்றியிருக்கிறது. அவள் வாயிலிருந்து கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

உங்கள் கம்பெனியில் புண்ணுக்கு ஏதாவது இருக்கிறதா? டின்னோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் ஒரு காந்த மெத்தை பார்த்தேன். அதைப் பற்றியும் எழுது.

எல்ஸி அக்கா


புந்தோங், ஈப்போ
25 மார்ச் 2024

அன்புள்ள எல்ஸி அக்காவுக்கு,

எங்கள் மூலிகை ஜெல் இரண்டு டியூப் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் பூசுங்கள். காந்த மெத்தை இரத்த ஓட்டத்தைச் சீராக்கி புண் வராமல் தடுக்கும். இந்த மாதம் மட்டும் சிறப்புச் சலுகை உண்டு. முடிவை விரைவில் எழுதினால் மெத்தையை ஒதுக்கி வைக்கலாம்.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
6 ஏப்ரல் 2024

அன்பான தினேஸ்வரிக்கு,

போன கடிதத்தில் நீ இல்லை. வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. பரவாயில்லை, வேலை நெருக்கடியாக இருந்திருக்கும்.

ஜெல்லைத் தவறாமல் பூசுகிறேன். புண் பெரிதாகிவிட்டது. ஓரத்தில் கறுப்பு. நடுவில் குழி. அறைக்குள் வந்தால் வாடை அடிக்கிறது. சாம்பிராணி போட்டு வைக்கிறேன். மெத்தையை அனுப்பிவிடு. அதை நீயே கொண்டுவந்து போட்டுக் காட்டுவாய் என்று பிரசுரத்தில் இருக்கிறது. நீ வருவாய்தானே?

எல்ஸி


புந்தோங், ஈப்போ
12 ஏப்ரல் 2024

எல்ஸி அக்கா,

இதைப் படித்தவுடன் ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள். மெத்தையும் வேண்டாம். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி நர்ஸ் மிஸ்ஸியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், விசாரித்துவிட்டேன். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கிள் கத்தினாலும் பரவாயில்லை, இன்றே பேசுங்கள்.

என் போன கடிதத்தை அண்ணி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஒவ்வொருவருடைய பிரச்சினையையும் அதில் குறிக்க வேண்டும். உங்கள் பக்கத்தை அண்ணி படித்தார். “பார்த்தியா தினேஸ், வலி எங்கன்னு தெரிஞ்சிருச்சு. இனி அதுல நம்ம சாமானை வைக்கிறதுதான் பாக்கி. மெத்தை வித்துப் போனா நீ ஸ்டார் தரம் லா” என்றார். புண்ணுக்கு அந்த ஜெல் ஆகாது என்று எனக்கு உள்ளூரத் தெரியும். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது மிஸ்ஸி புண் கழுவியதைப் பார்த்தவள்தான் நான். தெரிந்தே அனுப்பினேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உங்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் அது என்ன என்று நீங்களே சொல்லுங்கள். விற்க ஒன்றும் இல்லாமல் கேட்கிறேன்.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
24 ஏப்ரல் 2024

அன்பான தினேஸ்வரிக்கு,

உன் கடிதம் கண்டவுடன் போன் செய்தேன். ஹரிராயா விடுமுறை முடிந்த கையோடு மிஸ்ஸி வந்தார். தமிழ்ப் பெண்தான். திறந்து பார்த்ததும், “யாருமா இதைப் பூசச் சொன்னது? உடனே நிப்பாட்டுங்க!” என்று சத்தம் போட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. செத்த தோலை வெட்டி எடுத்தார். என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். செவ்வாய்தோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அரை நாள்கூட நிற்கவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ளவும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்போல.

கேட்டாயே, என் பிரச்சினை என்ன என்று. எனக்கு ஒரு நாள் வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பிவிடுவேன். லுமுட் போய்க் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சபையில் கேட்டேன்; ஜெபித்துக்கொள்கிறோம் என்றார்கள். நீ வந்து அவர் பக்கத்தில் உட்காருவாயா? திருப்புவதும் பெம்பர்ஸ் மாற்றுவதும் எப்படி என்று எழுதி வைக்கிறேன்.

எல்ஸி அக்கா


புந்தோங், ஈப்போ
29 ஏப்ரல் 2024

அன்புள்ள எல்ஸி அக்காவுக்கு,

மே 4, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மெத்தை போட்டுக் காட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டேன். ஞாயிறு மதியம் ஹோட்டலில் கம்பெனியின் பெரிய கூட்டம். என் தரத்தை அன்றுதான் முடிவு செய்கிறார்கள். அதற்குள் நான் திரும்ப வேண்டும். மற்றபடி அவசரம் இல்லை.

தினேஸ்வரி


புந்தோங், ஈப்போ
9 மே 2024

அன்புள்ள எல்ஸி அக்காவுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது நாம் எதுவும் பேசவில்லை. நீங்கள் நேராக உள்ளே போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். ஏழானது. உங்கள் போன் மேசைமேலேயே இருந்தது. முதலில் விபத்தோ என்று பயந்தேன். அப்புறம் காலையில் நீங்கள் கிளம்பியது நினைவுக்கு வந்தது. காலில் நல்ல செருப்பு, கையில் மாற்றுத்துணிப் பை. அன்று திரும்பும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று அப்போது புரிந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அவர் ‘எங்க? எங்க?’ என்றார். “எனக்கும் தெரியலை அங்கிள்” என்றேன். பிறகு கஞ்சியைக் குடித்தார்.

ஞாயிறு காலையில் என் வீட்டுக்காரர் போனில், “நீ போனது யாவாரத்துக்கா, சேவைக்கா? அக்கா இங்க கத்திக்கிட்டு இருக்கு. இப்பவே கிளம்பு” என்றார். “வர முடியாதுங்க, இவரைப் பார்த்துக்க ஆளு இல்ல” என்றேன். அதற்குப் பிறகு அண்ணி நாலு தடவை அழைத்தார். நான் எடுக்கவில்லை. என் தரம் இறங்கிவிட்டது, அண்ணிக்கும் இறங்கிவிட்டது. இப்போது வீட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. பெட்டிகளை மட்டும் என் அறைக்குள்ளும் அடுக்கிவிட்டார்கள்.

ஒன்று சொல்லட்டுமா அக்கா? அந்த இரண்டு நாளும் எனக்குக் கஷ்டமாக இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினேன். துடைத்தேன். செய்த வேலை செய்ததாக இருந்தது. யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. மாதம் ஒருமுறை வருகிறேன். நீங்கள் போய் வாருங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ, எங்கே போனீர்கள் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
தினேஸ்வரி


ஆயர் தாவார்
20 மே 2024

என் அன்பு தினேஸ்வரிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

லுமுட்டில் கடலைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிட்டது. பங்கோர் தீவுக்குப் போகிற ஃபெரி நின்றது, ஏறிவிட்டேன். அக்கரையில் பொரித்த மீனோடு சோறு தின்றேன், சூடாக, நடுவில் எழாமல். திரும்பும் ஃபெரிகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஃபெரியும் போனது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மறக்கவில்லை. ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்துப் பதினொரு மணி நேரம் தூங்கினேன். ஞாயிறும் அங்கேயே. நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, மாற்றுத்துணியைப் பையில் வைத்து வீட்டைவிட்டுக் கிளம்பியவள் நான். யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது என்று மார்ச் மாதம் எழுதினாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? அதை நம்பித்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

திங்கள் காலை லுமுட்டுக்கு வந்து சிங்கப்பூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “மக்சிக், நாய்க் தாக்?” என்றார், ஏறுகிறாயா இல்லையா என்று. மனம் இளகித் திரும்பினேன் என்று நினைத்துவிடாதே. வீட்டில் அவர் மட்டும் இருந்திருந்தால் ஏறியிருப்பேன். கர்த்தர் மன்னிக்கட்டும், உண்மை அதுதான். அந்த வீட்டில் நீ மாட்டிக்கொண்டிருந்தாய். அதற்காகத்தான் வந்தேன்.

இப்போது நீ மாதாமாதம் வருகிறேன் என்கிறாய். கஷ்டமாக இல்லை என்கிறாய். நான் வந்து பார்த்தபோது அவர் சுத்தமாக இருந்தார், புண் காய்ந்திருந்தது, நகம்கூட வெட்டியிருந்தாய். நீ நன்றாகவே பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பஸ் கதவு திறந்தால் என்னை நிறுத்த ஒன்றும் இல்லை. நீ ஒரு வீட்டிலிருந்து தப்பி இன்னொரு வீட்டில் அடைபடுவாய். அதையும் சந்தோஷம் என்றே எனக்கு எழுதுவாய்.

மிஸ்ஸி வருகிறார். புண் மூடி வருகிறது. ஹோம் பற்றி ஜோவானிடம் இந்த முறை நானே பேச்சை எடுத்தேன். இரண்டு பேரும் அழுதோம். எதுவும் முடிவாகவில்லை.

நீ வர வேண்டாம் தங்கச்சி. பார்சலும் வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால், வா என்று கூப்பிட்டுவிடுவேன்.

எல்ஸி